சுனிதி சாலமன்: எதற்காகப் பெரியவர்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் டாக்டர் சுனிதி சாலமனை ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறார்கள்: இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டுபிடித்தவர். 2015 ஜூலை 28 அன்று அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளிலும் இதுதான் முன்னால் நின்றது. 2017-இல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோதும் அதே வரி. எனக்கு அந்த வரியோடு உடன்பாடு இல்லை. தனியே அவருக்குச் சொந்தமாகாத ஒன்றை அது அவருக்குக் கொடுக்கிறது. அவர் உண்மையிலேயே தனித்து நின்று செய்ததை அது சொல்லவே இல்லை.

காரிமங்கலத்தில் உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் செல்கிறது. இப்போது அதற்கு 44 என்று எண். எங்கள் தலைமுறைக்கு அது ஏழாம் நம்பர் ரோடு. நாமக்கல், சேலம் லாரிகள் வடக்கே போவதும் திரும்புவதும் இந்த வழியில்தான். லாரிக்கு டிரைவராகவோ கிளீனராகவோ ஒருவரையாவது அனுப்பாத தெரு இந்தப் பக்கம் அரிது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருபவர்கள் அதைவிட அதிகம். 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று விழிப்புணர்வு விளம்பரச் சுவர்கள் கேட்டபோது, இந்த ரோட்டோரத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் விளம்பரமாகத் தெரியவில்லை. யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒரு மருத்துவரின் வாழ்க்கையை மதிப்பிடும்போது, அவருடைய வேலை இப்படிப்பட்ட ஊருக்கு என்ன செய்தது என்று கேட்காமல் விட முடியாது.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாகப் போதும். சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழிப் பெயர் கைத்தொண்டே. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கே மூத்த மாணவராக இருந்து, பின்னாளில் இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று இருவரும் வேலை பார்த்துவிட்டு 1973-இல் சென்னை திரும்பினார்கள். சுனிதி நுண்ணுயிரியலில் உயர்படிப்பு முடித்து, தான் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார், பேராசிரியராக உயர்ந்தார். அந்தப் பாதையிலேயே ஓய்வு பெற்றிருந்தால் நல்ல பேராசிரியர் என்ற பெயரோடு நின்றிருப்பார்.

1985 கடைசியில் அவர் தன் மாணவி ஒருவருக்கு ஆய்வுத் தலைப்பு கொடுத்தார். செல்லப்பன் நிர்மலா, வயது 32, சிறிய ஊரிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடச் சொன்னார் சுனிதி. அன்றைய மனநிலையில் இது துணிச்சலான கேள்வி. எய்ட்ஸ் என்பது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டாரின் நோய், நம் குடும்ப அமைப்பு நம்மைக் காக்கும் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மும்பையில் எடுத்த நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் புனேயில் சோதித்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. மும்பையிலேயே இல்லாதது மெட்ராஸில் எங்கே இருக்கப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிர்மலாவே முதலில் தயங்கினார். கணவர் வீரப்பன் ராமமூர்த்தி தைரியம் சொன்னார்.

மெட்ராஸில் மும்பை, கல்கத்தா போலச் சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியாக எதுவும் இல்லை. நிர்மலா பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய் அங்கே வரும் பெண்களிடம் பேசிப் பழகினார். பலருடைய சீட்டுகளில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் "வி ஹோம்" என்று மட்டும் எழுதியிருந்தது. விசாரித்தபோது அது விஜிலென்ஸ் ஹோம். போலீஸ் பிடித்த பாலியல் தொழிலாளர்களை அடைத்துவைக்கும் காப்பகம். அங்கே ரத்தம் எடுக்கப் போகும் நிர்மலாவை, பஸ் காசு மிச்சமாகட்டும் என்று கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்கச் சுனிதி கிடைத்த கருவிகளை வைத்து ஒரு சின்ன ஆய்வகம் ஏற்பாடு செய்தார். சீரத்தை வைக்க வேறு இடம் இல்லாமல் நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்.

தொற்றைக் கண்டறியும் எலைசா சோதனை வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளோடு இரவு ரயிலில் வேலூர் போனார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகம். அங்கே பணியாற்றிய ஜார்ஜ் பாபுவும் நிர்மலாவும் காலையில் சோதனையைத் தொடங்கினார்கள். நடுவில் கரண்ட் போய்விட்டது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன; அது தொற்றின் அடையாளம். அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதி செய்தபின்தான் செய்தி அரசுக்குப் போனது. தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். கேள்வி சுனிதியுடையது, அதை யாராலும் மறுக்க முடியாது. அறிவியலில் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பது பாதி வேலை. ஆனால் மீதிப் பாதியில் அலைந்தது நிர்மலா, சோதித்தது ஜார்ஜ் பாபு, ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்தது ஜேக்கப் ஜான். 1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இதைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் பார்த்தால், வேலூரின் எரிக் சிமோயஸ் முதல் ஆசிரியர். பாபுவும் ஜானும் அடுத்து. நிர்மலா நான்காவது, சுனிதி ஐந்தாவது. கடைசியில் அமெரிக்காவின் தாமஸ் குவின். கட்டுரையின் ஆசிரியர் வரிசை எல்லா நேரமும் உழைப்பின் வரிசை ஆகாது. இருந்தாலும், பின்னாளில் ஒரே பெயராகச் சுருங்கிப்போன சாதனை எழுதப்பட்ட அன்று கூட்டு வேலையாகத்தான் பதிவானது என்பதற்கு இது சாட்சி. நிர்மலா ஆய்வேட்டை 1987-இல் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் வெளி உலகம் அவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. எனவே, "கண்டுபிடித்தவர்" என்ற பட்டத்தைச் சுனிதிக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை. அந்தப் பணியின் வழிகாட்டி என்பதே சரியான சொல். அதுவும் சின்னப் பெருமை கிடையாது.

இதைவிடக் கடினமான கேள்வி அடுத்தது. அந்தப் பெண்களிடம் எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் சொன்னார்: அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சொல்லியிருந்தாலும் எய்ட்ஸ் என்றால் என்னவென்று புரிந்திருக்காது என்பது அவர் தந்த விளக்கம். அந்த நேர்மையை மதிக்கிறேன். விளக்கத்தை ஏற்க முடியவில்லை. அன்று விதிகளே இல்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. ஹெல்சிங்கி பிரகடனம் 1964-இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 1980-இல் மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வெளியிட்டிருந்தது. மேலும் இவர்கள் சுதந்திரமாக வந்து கையை நீட்டியவர்கள் அல்லர். பூட்டிய இடத்தில் இருந்தவர்கள், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். மாணவியைவிட வழிகாட்டிக்கே இதில் பொறுப்பு அதிகம்.

விளைவும் சோதனைக் குழாயோடு முடியவில்லை. தொற்று உறுதியான பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே அரசு வைத்திருந்தது. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது. அடைத்துவைத்தது அரசு; சுனிதி அல்ல. ஆனால் யாரைச் சோதிக்கிறோமோ அவர்களிடத்தில்தான் நோய் இருப்பதாக ஊர் நம்பும். முதல் ஆறு பேரும் விஜிலென்ஸ் ஹோமில் கிடைத்ததால், இது "அந்த மாதிரிப் பெண்களின்" நோய் என்று தமிழ்நாடு முடிவு கட்டியது. பிறகு லாரிக்காரர்களின் நோய் என்றது. குறி வைத்துத் தேடுவது தொற்றுநோயியலில் தவறான முறை கிடையாது. தொற்று முதலில் தெரியும் இடத்தில்தான் தேட வேண்டும். தேடியவர்கள் அதன்பின் மக்கள் மனதில் பதிந்த படத்தைத் திருத்தினார்களா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

சுனிதி திருத்தினார். அவரைப் பற்றிய என் மதிப்பு உயர்வது இங்கிருந்துதான்.

1986-க்குப் பிறகு அவர் நுண்ணோக்கியோடு நின்றிருக்கலாம். அறிவித்தாயிற்று, இனி அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று அடுத்த கிருமிக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கல்லூரியிலேயே எய்ட்ஸ் தகவல், ஆலோசனைக் குழு ஒன்றைத் தொடங்கினார். பிறகு அரசுக் கல்லூரியை விட்டு வெளியே வந்து, 1993-இல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர். கைத்தொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தை நிறுவினார். மற்ற மருத்துவமனைகள் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் பிரசவம் பார்க்கவும் ஆபரேஷன் செய்யவும் மறுத்த நேரம் அது. சீரத்தைப் பார்த்துப் பழகிய நுண்ணுயிரியல் பேராசிரியர், ஐம்பத்தைந்தை ஒட்டிய வயதில், நோயாளியின் எதிரே நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். கணவர் விக்டருக்கே முதலில் இதில் விருப்பமில்லை. நோயாளிகளின் கதைகளை ஒருமுறை கேட்டுப் பார் என்பதுதான் மனைவி அவருக்குச் சொன்ன பதில்.

கதைகளைக் கேட்டதன் அறிவியல் பலன் 2000-இல் தெரிந்தது. மையத்துக்கு வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அந்த ஆண்டு வெளியானது. ஆசிரியர்களில் சுனிதியும் ஒருவர். அந்தப் பெண்களில் 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் ஒரே ஆணோடு மட்டும் உறவில் இருந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர்கள். சராசரி வயது 29. என் கணிப்பில் அவருடைய ஆய்வு வாழ்க்கையில் மிக முக்கியமான எண்கள் இவைதான். 1986-இன் ஆறைவிடப் பெரியவை. அந்த ஆறு நோய் இங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னது. இந்த 81-உம் 88-உம் அது யார் வீட்டில் இருக்கிறது, எந்த வழியாக நுழைந்தது என்று சொல்லின. தாலி பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த சமூகத்துக்கு, தாலி கட்டியதன் மூலமே நோய் வந்தது என்று தரவோடு காட்டிய கட்டுரை அது. தருமபுரி மாவட்டத்தில் பதினெட்டு முடியும் முன்னே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை ஏக்கர் என்று கேட்கும் குடும்பங்கள், ரத்தப் பரிசோதனை செய்தாயா என்று கேட்பதில்லை. லாரிக்காரரைக் குற்றவாளியாகக் காட்டிய சுவர் விளம்பரங்களில் அவருடைய மனைவி இடம்பெறவே இல்லை. அவரைக் கணக்கில் கொண்டுவந்தது இந்தக் கட்டுரை.

திருமண விஷயத்தில் அவர் இன்னும் ஒரு படி போனார். தொற்றுள்ள ஆணுக்கும் தொற்றுள்ள பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பேசினார். சாதி, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டு, கூடவே நோயெதிர்ப்பு அணுக்களான சி.டி.4-இன் எண்ணிக்கையும் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதையும் பார்த்து வரன் சொல்வார். 2017-இல் வந்த 'லவ்சிக்' ஆவணப்படம் இதைப் பற்றியதே. சாதி பார்த்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் சங்கடம் இருக்கிறது. ஒரு முன்னோடி அந்த வேலியையும் சேர்த்துத் தாண்டியிருக்கலாம். ஆனால் காலத்தை மறக்கக் கூடாது. 1998-இல் உச்ச நீதிமன்றமே எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது என்று ஒரு வழக்கில் சொன்னது; 2002-இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றம் தயங்கிய இடத்தில் ஒரு மருத்துவர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். சாவுக்குக் காத்திருப்பவர் என்று ஒதுக்கப்பட்டவரை, நாளைக்குக் குடும்பம் நடத்தப்போகிறவர் என்று நடத்துவது மருந்துக்கு இணையான சிகிச்சை என்று நம்புகிறேன்.

மருந்தின் பக்கம் வரலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த புதிதில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவானது. 2001-இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. அந்த ஒரு விலைக் குறைப்பு எல்லா மருத்துவர்களின் நல்ல எண்ணத்தையும் சேர்த்து வைத்தாலும் அதைவிட அதிக உயிர்களைக் காத்தது. இந்திய உடம்பில் இந்த மலிவு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, காசநோயும் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கான பதிவுகளைச் சுனிதியின் மையம் சேர்த்தது. டாக்டர் என். குமாரசாமி போன்ற ஆய்வாளர்கள் அங்கே வளர்ந்தார்கள். ஒன்பது நாடுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதிகளைக் கொண்டு நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் அந்த மையமும் ஒரு களம். தொற்றுள்ள துணைக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் மற்றவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அது காட்டியது. துணையிடமிருந்தே வந்ததாக உறுதியான 28 புதிய தொற்றுகளில் 27, மருந்து தாமதமாகத் தரப்பட்ட பிரிவில் நேர்ந்தவை. இன்று தொற்று தெரிந்த உடனே மருந்து என்ற கொள்கை உலகம் முழுக்க வந்ததற்கு இந்த முடிவு பெரிய காரணம். இம்முறை ஆய்வில் இருந்தவர்கள் எதற்காக ரத்தம் கொடுக்கிறோம் என்று அறிந்து கையெழுத்திட்டவர்கள். 1986-க்கும் 2011-க்கும் நடுவே அவருடைய வேலையில் ஏற்பட்ட இந்த மாற்றத்தை அவர் பக்கம் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பணத்தில் நிற்கும் ஒரு சென்னை அறக்கட்டளை, 280 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காரிமங்கலத்துக்கு எவ்வளவு தூரம் வந்து சேரும்? கூலி வேலைக்காரர் மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வர முடியாது. இங்கே வந்து சேர்ந்தது அரசு. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்பே 1990-களில் டாக்டர் சி.என். தெய்வநாயகம் அங்கே வேறெங்கும் சேர்க்கப்படாத ஏழை நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார். பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் மருந்து, சிறிய ஊர்களில் ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை என்று விரிந்தது. தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இங்கிருந்து சேலம் போக வேண்டிய கட்டாயமும் குறைந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் சுனிதி காத்த உயிர்களைவிட இந்த அமைப்பு காத்தவை பல மடங்கு. தனி மனிதரின் அறக்கட்டளையை அரசு மருத்துவத்துக்கு மாற்றாகப் புகழும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை.

அதேசமயம், அந்த அரசு அமைப்பு எதைக் கற்றுக்கொண்டு விரிந்தது என்றும் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுவது, முடிவை ரகசியமாக வைப்பது, கணவனுக்குத் தொற்று என்றால் மனைவியையும் அழைத்துப் பேசுவது: இன்று எந்த நம்பிக்கை மையத்திலும் வழக்கமாக இருக்கும் இந்த நடைமுறைகளை, அரசு மருத்துவமனைகள் நோயாளியைத் தொடவே அஞ்சிய நாட்களில் சென்னையில் நடத்திக் காட்டியவர்களில் முதல் வரிசையில் அவர் இருந்தார். ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தில் இடம்பெற்று, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலைத் தவிர்த்துத் தொடங்கிய ஒரு எய்ட்ஸ் பணி, பின்னாளில் அதை வழக்கமாக்கியவர்களின் பக்கம் வந்து சேர்ந்தது.

வசதியான குடும்பம், வெளிநாட்டுப் பயிற்சி, மருத்துவக் கணவர், தந்தை பெயரில் நிறுவனம் தொடங்கும் அளவுக்குக் கையிருப்பு. இதெல்லாம் இருந்தால் யார்தான் செய்ய மாட்டார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதே வசதியோடு சென்னையில் அன்று நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த நோயாளிகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. வசதி அவர் வேலையை எளிதாக்கியது, உண்மை. அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது வசதி அல்ல.

ஆக, நுண்ணுயிரியலாளராகச் சுனிதி சாலமன் நல்லவர். ஜேக்கப் ஜான் அளவுக்கு அந்தத் துறையை ஆழப்படுத்தியவர் என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பாளராக அவர் நால்வரில் ஒருவர். விஜிலென்ஸ் ஹோமில் ஒப்புதல் இல்லாமல் எடுத்த ரத்தம் அவர் கணக்கில் பற்றாக இருக்கிறது. பின்னாளைய நன்மைகள் அதைக் குறைக்கும், அழிக்காது. ஆனால் எய்ட்ஸ் நோயாளியின் மருத்துவராக, அவரையும் அவர் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசிய மருத்துவராக, தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் வைக்க எனக்கு இன்னொரு பெயர் கிடைக்கவில்லை. காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியில் அறிவியல் படிக்கும் பெண் நாளை தேர்வில் அவரைப் பற்றி எழுதும்போது, 1986-க்கு நேராக நிர்மலா, ஜார்ஜ் பாபு, ஜேக்கப் ஜான் பெயர்களையும் சேர்த்து எழுதட்டும். சுனிதியின் பெயரை 1993-க்கும் 2000-க்கும் நேராகத் தனியே எழுதட்டும்.